ஒரு வாய் பத்தாமல்

அவர் சாப்பிட்டு எழும்போது வயிற்றில் இன்னும் ஒரு கவளத்துக்கு இடம் இருக்கும். தற்செயலாக இல்லை, இருக்க வேண்டும் என்பது அவர் வைத்துக்கொண்ட சட்டம். எங்கள் சாயப்பட்டறைக்கு எதிரே இருந்த மெஸ்ஸில் காலையில் மூன்று இட்லி. மெஸ்கார அம்மா மறந்துபோய் நாலாவதை வைத்துவிட்டால் அதைத் தொடாமல் கை கழுவப் போய்விடுவார். "போதும்னு தோணுறதுக்கு ஒரு வாய் முன்னாடியே நிறுத்திரணும்" என்பார். யாரிடம் சொல்கிறார் என்று தெரியாது. சாம்பார் வாளியிடமாகக்கூட இருக்கலாம்.

எனக்கு இது பார்க்கப் பார்க்க எரிச்சலாக வரும். நான் அவிநாசிப் பக்கத்துக்காரி. விருந்தாளி போதும் என்று சொன்ன பிறகுதான் எங்கள் வீட்டில் பரிமாறவே ஆரம்பிப்பார்கள். இலையை மறைத்துக் கையை நீட்டினால் கைமேலேயே சோறு விழும். அப்படி வளர்ந்தவளுக்கு, ஒரு மனிதர் தன் வயிற்றைத் தானே ஏமாற்றிக்கொண்டு திரிவது கஞ்சத்தனமாகத்தான் பட்டது.

திருப்பூரில் எல்லோர் கைக்கும் செல்போன் வந்து சேராத வருடங்கள் அவை. நான் அந்தப் பட்டறையின் லேபில் வேலை பார்த்தேன். விலங்கியல் படித்தவளுக்குச் சாயப்பட்டறையில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். முதலாளி அப்பாவுக்குத் தூரத்துச் சொந்தம். இரண்டு வருடம் ஒழுங்காகப் போய் வா, அப்புறம் பி.எட். சேர்த்துவிடுகிறேன் என்பது அப்பாவின் பேச்சு. நடுவில் ஏதாவது புகார் வந்தால் பி.எட். கிடையாது, ஜாதகம் வெளியே வந்துவிடும். ஆகவே நான் வாயைத் திறக்காமல், துணித்துண்டை விளக்கடியில் பிடித்து, வெளிநாட்டுப் பையர் கேட்ட சிவப்பு வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவருடைய இடம் பட்டறையின் பின்பக்கம். சாயம் போட்ட தண்ணீரை அப்படியே வெளியே விட முடியாது. சுண்ணாம்பும் மற்றதும் கலந்து கசடை இறக்கிய பிறகு அது ஒரு பெரிய சிமென்ட் தொட்டிக்கு வரும். அந்தத் தொட்டியில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் குடியிருந்து, தண்ணீரில் கரைந்திருக்கும் அழுக்கைத் தின்னும். அவை மூச்சுவிடுவதற்காக அடியிலிருந்து ப்ளோயர் இரவும் பகலும் காற்றை ஊதிக்கொண்டிருக்கும். அந்தத் தொட்டிக்கு அவர் ஆபரேட்டர். ப்ளோயரை ஒட்டித் தகரக் கூரை போட்ட அறையில் தங்கியிருந்தார். எங்களுக்கு அந்தப் பக்கம் போனால் காது அடைக்கும். அவருக்கு அந்தச் சத்தம் நின்றால்தான் தூக்கம் கலையும்.

நாற்பது வயது இருக்கும். தெற்கே திசையன்விளைப் பக்கத்துச் செம்மணல் தேரிக்காட்டு ஊர். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று மெஸ்கார அம்மா ஒருமுறை கேட்டதற்கு, "இந்த நாத்தத்துக்குள்ள யாரு வருவா" என்று சிரித்தார். உள்ளதைச் சொன்னால் தொட்டி நாறாது. நன்றாக இருக்கிற தொட்டியில் மழை பெய்த மண்ணின் வாசம்தான் வரும். தினமும் காலையில் ஒரு மக்கில் மொண்டு முகர்ந்து பார்ப்பார். அப்புறம் நீளக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி வைத்துவிட்டு அரைமணி நேரம் எதிரிலேயே குத்தவைத்து உட்கார்ந்திருப்பார். பழுப்புக் கசடு மெல்ல அடியில் இறங்கி, மேலே தண்ணீர் தெளிந்தால் எழுந்து வேறு வேலையைப் பார்ப்பார்.

தொட்டி என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. 'அதுக' என்பார். "அதுகளுக்கு நேத்து செமிக்கல." "அதுகளுக்கு இன்னிக்கு நல்ல பசி." ஒரு முறை ஞாயிறு முழுக்கத் தண்ணீர் வராமல் இருந்தபோது நான் கேட்டேன்.

"ஏனுங்ண்ணா, பட்டினியா கெடக்குதே, ஏதாச்சும் போடக்கூடாதுங்களா?"

"கெடக்கட்டும் டீச்சரம்மா" என்றார். நான் பி.எட். படிக்கப் போகிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து அவருக்கு நான் டீச்சரம்மா. "பசி இருந்தாத்தான் தேடித் தின்னும். வயிறு முட்டப் போட்டா தின்னவும் செய்யாது, மூச்சும் முட்டிரும். அதுகளுக்கும் ஒரு வாய் பத்தாமத்தான் வச்சிருக்கணும்."

லேபில் ஒரு பழைய மைக்ராஸ்கோப் இருந்தது. தூசி தட்டி அதில் பார்க்க எனக்குச் சொல்லித்தந்தது ஏழாம் வகுப்போடு நின்ற அவர்தான். நான் ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிரின் படம் வரைந்து பாகங்கள் குறித்து மதிப்பெண் வாங்கியவள். உயிரோடு பார்த்தது அவர் வைத்த ஒரு சொட்டில்தான். அந்தச் சொட்டுக்குள் இருந்தவர்களுக்கு அவர் உத்தியோகம் கொடுத்திருந்தார். அழுக்கைத் தின்கிற பாக்டீரியா ஹெல்பர். காம்பில் மணி மாதிரி ஆடிக்கொண்டு, அலைகிற பாக்டீரியாவைப் பொறுக்கித் தின்பவை செக்கிங் செக்‌ஷன். இரண்டையும் தின்றுகொண்டு மெதுவாக நகரும் ரோட்டிஃபர் சூப்பர்வைசர்.

"எல்லாம் ஒழுங்கா நடக்கையிலதான் சூப்பர்வைசர் வருவாரு. கொஞ்சம் கொளப்பம்னா அவரு தலையே தெரியாது" என்றார். "நம்ம கம்பெனி மாதிரியேதான்."

ஒருமுறை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைப் பட்டறையைப் பார்க்க அழைத்து வந்திருந்தார்கள். பாடத்தில் சூழல் மண்டலம் வருகிறதாம். முதலாளி வேட்டியும் சட்டையுமாக நின்று வரவேற்றுவிட்டு, விளக்கிச் சொல்ல அவரைக் கூப்பிட்டார். அவர் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். குளத்துக்கு வெயில் இருக்கிறது, பாசி இருக்கிறது, பாசியைத் தின்ன பூச்சி, பூச்சியைத் தின்ன மீன் இருக்கிறது, இங்கே வெயிலுக்கும் பாசிக்கும் பதிலாக நம்முடைய அழுக்குதான் சாப்பாடு என்று ஆரம்பித்தார். ஹெல்பர், செக்கிங், சூப்பர்வைசர் என்று போனதும் பிள்ளைகளுக்கு ஒரே கும்மாளம். பாதிப் பேரின் அம்மாக்கள் பனியன் கம்பெனிச் செக்கிங்கில் இருப்பவர்கள்.

ஒரு பெண் கை தூக்கினாள். "சூப்பர்வைசரை யாருங்க திம்பாங்க?"

"அவரு செத்தப்புறம் ஹெல்பருதான் திங்கணும்" என்றார் அவர். "எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் கடைசில ஹெல்பருட்டத்தான் வரணும். அவன் தின்னு முடிச்சாத்தான் அடுத்தவனுக்கு எடம்."

பிள்ளைகள் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. அடுத்த வருடம் விளக்கிச் சொல்ல மேனேஜரையே நிற்க வைத்தார்கள்.

தீபாவளிக்கு முன் திருப்பூரைப் பார்த்திருக்கிறீர்களா? போனஸ் வாங்கிய கையோடு ஊரே பஸ் ஏறும். தெற்கத்திக்காரர்கள் பிள்ளையையும் பையையும் ஜன்னல் வழியாக உள்ளே போட்டு இடம் பிடிப்பார்கள். அதற்குப் பிறகு ஒன்பது பத்து நாள் ஒரு மிஷின் ஓடாது. மெஸ் பூட்டிக் கிடக்கும். நடுரோட்டில் நாய் படுத்திருக்கும். அந்த நாட்களில் தொட்டிக்குச் சாயத் தண்ணீர் வராது. சாப்பாடு இல்லாமல் இருப்பவை சாகாமல் இருக்க, கொஞ்சம் வெல்லத்தைக் கரைத்து ஊற்றி, விட்டு விட்டுக் காற்றும் கொடுக்க வேண்டும். வந்த முதல் வருடம் அவரை இருக்கச் சொன்னார்களாம். அப்புறம் யாரும் சொல்லவில்லை. அவர் இருப்பார் என்றே வைத்துக்கொண்டார்கள். இப்படி எட்டு வருடம்.

நான் சேர்ந்த வருடம், தீபாவளியன்று மனசு கேட்காமல் ஒரு டப்பா பலகாரத்தை வண்டியில் வைத்துக்கொண்டு போனேன். அம்மா ஊத்துக்குளி வெண்ணெய் போட்டுச் சுட்ட முறுக்கு, அதிரசம், லட்டு. பட்டறை அவ்வளவு நிசப்தமாக இருந்து நான் பார்த்ததில்லை. அவர் தொட்டிச் சுவரில் உட்கார்ந்திருந்தார். காலரில் மஞ்சள் வைத்த புதுச் சட்டை. பார்க்க ஒரு ஆள் கிடையாது, ஆனாலும் தலைக்குக் குளித்து, சவரம் பண்ணி, புதுச் சட்டை போட்டுக்கொண்டு அந்தத் தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

டப்பாவைத் திறந்து ஒரே ஒரு அதிரசம் எடுத்துக்கொண்டு மூடித் திருப்பிக் கொடுத்தார்.

"இன்னொன்னு வச்சுக்கோங்ண்ணா. எங்கம்மா கேட்டா என்ன சொல்றதுங்க?"

"நல்லா இருந்துச்சுன்னு சொல்லுங்க. நல்லா இருக்குறதுக்காவத்தான் ஒண்ணோட நிறுத்துதேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம், அந்த மனுசனுக்கு இனி எதுவும் கொடுத்தனுப்பாதே என்றேன். ஊர் உலகத்தில் அத்தனை பேரும் அவரவர் வீட்டில் மூக்குமுட்டத் தின்றுகொண்டிருந்த அன்று, அவர் தனக்கு ஒன்று என்று அளந்துகொண்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை என்று அன்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

எல்லாவற்றிலும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எதிர்க் கடையின் ஒரு ரூபாய்ப் போனிலிருந்து அம்மாவிடம் பேசுவார். ஒரே ஒரு காசு. நேரம் முடியும் சத்தம் வருவதற்கு முன்பே வைத்துவிடுவார். இன்னும் கொஞ்சம் பேசினால் என்ன என்று கேட்டால், "பேசிட்டே இருந்தா அழுவா" என்பார். பெற்ற அம்மாவையும் ஒரு வாய் பத்தாமல்தான் வைத்திருந்தார்.

இரண்டாவது வருடம் தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது லேபுக்கு வந்து நின்றார். வழக்கமில்லாமல் உட்கார்ந்தார்.

"அம்மைக்குக் கண்ணு மங்கிட்டே வருது டீச்சரம்மா. ஆபரேஷன் பண்ணியும் சரியாவல. 'மொகம் தெரியாமப் போவுததுக்குள்ள ஒருக்க வந்துட்டுப் போ'ங்கா." தரையைப் பார்த்தார். "நீங்க இங்கனதான் இருப்பிய. அதுகளப் பாத்துக்கிடுதியளா?"

"அட, போயிட்டு வாங்ண்ணா. நான் பாத்துக்கறனுங்க" என்றேன். எட்டு வருடத்தில் அவர் ஒருவரிடம் கேட்ட முதல் உதவி அது. என்னிடம் கேட்டார் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கிளம்பும் முன் ஒன்பது நாளுக்கு ஒன்பது பொட்டலம் கட்டி வைத்திருந்தார். பேப்பரில் மடித்து, பனியன் துணிக் கிழிசலால் கட்டிய வெல்லப் பொட்டலங்கள். நாளைக்கு ஒன்று. டிரம்மில் கரைத்து ஊற்ற வேண்டும். வாட்ச்மேன் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ப்ளோயரைப் போட்டு ஒரு மணி நேரம் ஓட்டுவார். "பாத்தா பாவமாத்தான் இருக்கும். கூட மட்டும் போட்டுராதிய" என்று இரண்டு தடவை சொன்னார்.

மூன்று நாள் ஒழுங்காகப் போனேன். நாலாம் நாள் அக்காவுக்குத் தலை தீபாவளி. மாப்பிள்ளையும் அவர் வீட்டு ஆட்களும் வந்து இறங்கினார்கள். வாணலியை விட்டு நகர முடியவில்லை. அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் அப்படியே. ஏழாம் நாள் காலையில் அம்மா மாப்பிள்ளையின் இலையில் எட்டாவது இட்லியை வைக்கும்போதுதான் எனக்குத் தொட்டி நினைவுக்கு வந்தது. மூன்று நாளாக அங்கே பட்டினி.

வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். தண்ணீர் வெளிறிப்போய், ஒரு குமிழிகூட இல்லாமல் கிடந்தது. ஐயோ பாவம் என்றிருந்தது. மூன்று நாள் பசித்தவர்கள் முன்னால் ஒரு பொட்டலத்தைப் பிரிக்க என் கை எப்படி வரும்? மிச்சமிருந்த ஆறையும் பிரித்தேன். டிரம்மில் போட்டுக் கலக்கி, கரைந்ததும் கரையாததுமாக ஊற்றினேன். சாப்பிடுங்க என்று வாய்விட்டே சொன்னேன். வீட்டுக்குத் திரும்பும்போது மனசு நிறைந்திருந்தது. இனி இரண்டு நாளைக்குப் போகவேண்டியதில்லை என்றும் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

குளத்தில் ஊட்டம் மிகுந்தால் என்ன ஆகும் என்று நான் பரீட்சையில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன். ஒரேயடியாகத் தின்னக் கிடைத்தால் நுண்ணுயிர்கள் பெருகும், நீரில் இருக்கும் ஆக்சிஜனையெல்லாம் இழுத்துக்கொள்ளும், கடைசியில் மூச்சுக்கு இல்லாமல் எல்லாம் மடியும். ஒரு வரி விடாமல் எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன். பசித்தவர்களுக்குக் கொடுத்த காற்று, வயிறு நிறைந்தவர்களுக்குப் பத்தாது என்பது டிரம்மைக் கவிழ்க்கும்போது நினைவுக்கு வரவில்லை.

பட்டறை திறந்த அன்று கேட்டிலேயே அழுகிய முட்டை நாற்றம். அவர் பையோடு பஸ்ஸிலிருந்து அப்போதுதான் வந்தார். எனக்கென்று ஒரு ஓலைப்பெட்டி சில்லுக்கருப்பட்டி கொண்டுவந்திருந்தார். அதைக் கையில் கொடுக்கும்போதே மூக்கு சுருங்கியது. பையை அப்படியே போட்டுவிட்டுப் பின்பக்கம் நடந்தார். நானும் போனேன். தொட்டி கரேலென்று இருந்தது.

அவர் தண்ணீரை மொள்ளவில்லை. நேராக டிரம்முக்குப் போனார். உள்ளே கையை விட்டு, அடியில் ஒட்டியிருந்த வெல்லக் கட்டியைப் பெயர்த்து எடுத்தார். ஒரு பொட்டலம் மட்டும் போட்டால் முழுக்கக் கரைந்துவிடும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என்னைத் திரும்பிப் பார்க்காமல் கட்டியை வெளியே எறிந்துவிட்டு டிரம்மைக் கழுவ ஆரம்பித்தார்.

முதலாளி வந்தார். தொட்டி இல்லாவிட்டால் பட்டறை இல்லை. ஏற்றுமதி ஆர்டர் கையில் இருந்தது.

"ஏனுங்க, என்னாச்சுங்க இது?"

"நாந்தான் மொதலாளி" என்றார் அவர். "ஊருக்குப் போற அவசரத்துல வெல்லத்த ஒரேயடியாப் போட்டுட்டுப் போயிட்டேன்."

நான் இரண்டடி தள்ளி ஓலைப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். இல்லீங்க, நான்தானுங்க போட்டேன் என்று சொல்ல அவ்வளவு நேரம் இருந்தது. முதலாளி அன்றைக்கே அப்பாவுக்குப் போன் பண்ணுவார். பி.எட். போகும். ஜாதகம் வெளியே வரும். அத்தனையும் அந்த ஒரு நிமிடத்தில் தலைக்குள் ஓடியது. நான் வாயைத் திறக்கவில்லை.

"இத்தன வருசமா இருக்கறீங்க, உங்களுக்குத் தெரியாததுங்களா? தொட்டியச் சரி பண்ணிக் குடுத்துட்டு நீங்க கெளம்பிக்கங்க" என்றார் முதலாளி. எங்கள் ஊரில் வேலையை விட்டு அனுப்புவதும் 'ங்க' போட்டுத்தான்.

தொட்டி தேற நாற்பது நாளுக்கு மேல் ஆயிற்று. மறுபடி உயிர் பிடிக்க, காங்கேயம் பக்கத்திலிருந்து டெம்போவில் சாணி வந்தது. அவரே மிதித்துக் கரைத்து ஊற்றினார். வெள்ளை நுரை வந்தது, பழுப்பு நுரை வந்தது. கண்ணாடிக் குழாயின் எதிரில் குத்தவைத்து உட்கார்ந்தே இருந்தார். எந்தத் தொட்டி சரியானால் தனக்கு வேலை போகுமோ அந்தத் தொட்டியை ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் சரி பண்ணினார். நான் தினமும் அந்தப் பக்கம் போவேன், சொல்லிவிட வேண்டும் என்று. போய் நின்று, மழை வருமாட்டத் தெரியுது என்றோ வேறெதுவோ பேசிவிட்டு வருவேன்.

ஒருநாள் மத்தியானம் அவரே கூப்பிட்டார். "வந்து பாருங்க டீச்சரம்மா, சூப்பர்வைசர் வந்துட்டாரு."

மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். ஒன்றே ஒன்று, மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. நிமிர்ந்தபோது அவர் பை கட்டித் தயாராக இருப்பதைப் பார்த்தேன். என்ன கேட்பது என்று தெரியாமல், "அம்மா உங்க மொகத்தப் பாத்தாங்களாண்ணா?" என்றேன். அத்தனை நாளும் அதைக்கூட நான் கேட்டிருக்கவில்லை.

"பாத்தா. சன்னல்கிட்ட உக்கார வச்சு, நாடியப் புடிச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தா. இன்னும் ரெண்டு நாள் இருலேன்னா. அதுக காத்துக் கெடக்கும்னு நாந்தான் வந்துட்டேன்." பையின் முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினார். "நீங்க மனசுல வச்சுக்கிடாதிய. பசின்னு நெனச்சுத்தான போட்டிய."

அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் அவர் வாயால் கேட்டபோது நான் அழுதிருக்க வேண்டும், காலில் விழுந்திருக்க வேண்டும், முதலாளி அறைக்கு ஓடியிருக்க வேண்டும். "பாத்துப் போயிட்டு வாங்ண்ணா" என்றேன். அவ்வளவுதான் செய்தேன்.

அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். இரண்டு வருடத்தில் ஒரு புகார் இல்லை என்று சொந்தத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். பட்டறையில் அவர் ஊர் விலாசம் இருந்தது. நான் கேட்டு வாங்கவில்லை. இன்று ஊத்துக்குளிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். உற்பத்தி செய்பவை, நுகர்பவை, சிதைப்பவை என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டு வருடா வருடம் வரைகிறேன். ஹெல்பர், சூப்பர்வைசர் என்று சொன்னால் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும். நான் சொல்வதில்லை. அந்த வார்த்தைகளை எடுக்க எனக்கு உரிமை இல்லை என்று நினைக்கிறேன்.

இந்த வருடம் இரண்டாவது பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து கேட்டாள். "டீச்சர், சிதைக்கிறதுங்க எல்லாம் இல்லாமப் போச்சுன்னா என்னங்க ஆகும்?"

"செத்ததெல்லாம் செத்த எடத்துலயே கெடக்கும் கண்ணு."

"எத்தனை நாளைக்குங்க டீச்சர்?"

பதினெட்டு வருடமாயிற்று, எனக்குள் இன்னும் அப்படியே கிடக்கிறது என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்.